எழுதியவர்கள் எங்கே போனார்கள்?

தமிழ் வலைப்பூக்கள் ஏன் பாதியில் நின்றன? சிலர் மட்டும் ஏன் இன்னும் விடாமல் எழுதுகிறார்கள்? எழுதிவைத்ததெல்லாம் இனி என்ன ஆகும்?

தேடுபொறியில் 'திருநெல்வேலி சொதி' என்று தட்டுங்கள். நாலைந்து காணொளிகளையும் விளம்பரம் பொங்கும் சமையல் தளங்களையும் தாண்டிக் கீழே கீழே போனால், பழைய வலைப்பூ ஒன்று அகப்படும். தலைப்பில் தாமரைப் படம். வலப்பக்கம் ஓடாமல் நிற்கும் கடிகாரம். அதன் கீழே, எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்ட வருகைக் கணக்கு. புகைப்படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் தேங்காய்ப்பாலை எப்போது ஊற்றுவது, அடுப்பை எப்போது அணைப்பது என்பதோடு, கல்யாணத்துக்கு மறுநாள் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி பரிமாறிய கதையும் சேர்ந்தே ஓடுகிறது. கீழே பின்னூட்ட வரிசை. 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று ஒருவர். இஞ்சித் துவையலை ஏன் விட்டீர்கள் என்று உரிமையோடு இன்னொருவர். குவைத்திலிருந்து ஒரு நன்றி, ஆக்லாந்திலிருந்து ஒரு சந்தேகம். கடைசிப் பதிவின் தேதி 2012. வேலைப்பளு கொஞ்சம் அதிகம், சீக்கிரம் வருகிறேன் என்று இரண்டே வரி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

குறிப்பிட்ட ஒருவருடைய பக்கத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. பெயரையும் பதார்த்தத்தையும் மாற்றிக்கொண்டால் இதே போன்ற பக்கங்கள் தமிழில் ஏராளம். மென்பொருள் ஊழியர், குடும்பத் தலைவி, அரசுப் பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, யாழ்ப்பாணத்தை விட்டு வந்து டொரன்டோவில் குடியேறியவர் என்று, பத்திரிகைக்குக் கதை அனுப்பும் பழக்கமே இல்லாத மனிதர்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கள் வாழ்க்கையைத் தமிழில் எழுதிக் குவித்தார்கள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பிப் போனார்கள். முகநூல் வந்தது, வலைப்பூ செத்தது என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது வழக்கம். நடந்தது அவ்வளவு எளிதானதில்லை. அவர்கள் போனதால் தமிழுக்கு நேர்ந்த இழப்பை யாரும் இன்னும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவும் இல்லை.

விசைப்பலகையும் திரட்டியும்

பின்கதை சுருக்கமானது. 1999-இல் அமெரிக்காவின் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் 'பிளாகர்' சேவையைத் தொடங்கியது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில், 2003-இன் தொடக்க மாதங்களில், தமிழில் முதல் வலைப்பூக்கள் வந்தன. அன்று தமிழில் தட்டச்சு செய்வதே பெரும்பாடு. ஒருவர் திஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில் எழுதுவார், இன்னொருவர் யூனிகோடில் எழுதுவார். எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். முரசு அஞ்சல், இ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்களும் சுரதா என்பவரின் எழுத்துரு மாற்றியும் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. எல்லாமே தனி மனிதர்கள் ஆர்வத்தில் செய்துகொடுத்தவை.

எழுதுவதற்கு இடம் கிடைத்தது. யார் எழுதுகிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே? கனடாவிலிருந்து மதி கந்தசாமி தமிழ் வலைப்பதிவுகளின் பட்டியலைத் தொகுத்துவந்தார். 2004-இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியை உருவாக்கினார். ஒருவர் பதிவிட்ட சில நிமிடங்களில் தலைப்பும் முதல் சில வரிகளும் திரட்டியின் முகப்பில் வந்துவிடும். யார் பின்னூட்டம் இட்டார், எந்தப் பதிவில் விவாதம் சூடாக இருக்கிறது என்பதும் தெரியும். வாரம் ஒருவரை 'நட்சத்திரம்' ஆக்குவார்கள், அந்த ஏழு நாளும் அவர் எழுதுவது முகப்பில் மேலே நிற்கும். தேன்கூடு, தமிழிஷ், திரட்டி என்று மற்றவையும் வந்தன. 2007 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. புதிதாக எழுத வருகிறவர்களுக்குத் தமிழ்த் தட்டச்சு முதல் கற்றுத்தந்தார்கள். அதுவரை புனைபெயராக மட்டுமே அறிந்திருந்தவர்கள் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

■ பெட்டிச் செய்தி: எழுந்ததும் தணிந்ததும்

1997: ஜோர்ன் பார்கர் தன் பக்கத்துக்கு 'வெப்லாக்' என்று பெயரிடுகிறார்.
2003: பிளாகர் கூகுள் வசமாகிறது. மே மாதம் வேர்ட்பிரஸ் வெளியாகிறது. தமிழில் முதல் வலைப்பூக்கள்.
2004: தமிழ்மணம்.
2006 ஜூலை: மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பின் சில தளங்களை மட்டும் முடக்கச் சொன்னது மத்திய அரசு. இணையச் சேவை நிறுவனங்களோ பிளாகர் பதிவுகள் இருக்கும் பிளாக்ஸ்பாட் முகவரியையே சில நாட்கள் மொத்தமாக அடைத்தன.
2013 ஜூலை 1: கூகுள் ரீடர் மூடப்படுகிறது.
2016 செப்டம்பர்: ஜியோ வருகை. கைப்பேசி இணையம் மலிவாகிறது.
2018 பிப்ரவரி: கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்குகிறது.

பின்னூட்டம் என்னும் மொய்

வலைப்பூவில் எழுதியவர்களுக்குப் பணம் வரவில்லை. புகழ் என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக இல்லை. வந்தது பின்னூட்டம். அதுவும் சும்மா வரவில்லை, மொய் வைப்பது போலத்தான் நடந்தது. நீங்கள் என் பதிவுக்கு வந்து இரண்டு வார்த்தை சொன்னால், நான் உங்கள் பதிவுக்கு வந்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 'அருமை', 'தொடருங்கள்', 'ஓட்டுப் போட்டாச்சு' என்ற பின்னூட்டங்கள் பெருகியதற்கு இதுதான் காரணம்.

இதைக் கேலி செய்தவர்கள் அன்றும் உண்டு. நான் கேலி செய்ய மாட்டேன். எழுதிப் பழகாத ஒருவருக்கு முதல் பத்துப் பதிவுகளைத் தாண்ட வைத்தது அந்த 'அருமை'தான். ஷார்ஜாவில் எட்டுப் பேர் தங்கும் அறையிலிருந்து எழுதியவருக்கும், நியூ ஜெர்சியில் கணவர் வேலைக்குப் போனபின் பனியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் தனியாக இருந்தவருக்கும், யாரோ படிக்கிறார்கள் என்ற செய்தி அந்தச் சொல்லில் இருந்தது.

ஆனால் மொய்க் கணக்கு வளர வளரச் சுமையானது. நாளுக்கு ஐம்பது பதிவுகளுக்குப் போய்ப் பின்னூட்டம் இட்டால்தான் தனக்கு ஐம்பது வரும் என்றபோது, எழுதும் நேரத்தைவிட வரவு வைக்கும் நேரம் கூடியது. திரட்டிகளில் வாசகர் ஓட்டு வந்தபின் ஓட்டுக்காகக் குழுக்கள் உருவாயின. நான்கு நாள் யோசித்து எழுதிய கட்டுரைக்கு ஆறு ஓட்டும், பரபரப்பான தலைப்பு வைத்த சினிமா வம்புக்கு அறுபது ஓட்டும் விழுந்தன. இதில் மனம் கசந்து போனவர்கள் கணிசம். எழுத்தின் மேல் அவர்களுக்குச் சலிப்பில்லை. எழுத்தைச் சுற்றி நடத்த வேண்டிய கொடுக்கல் வாங்கல்தான் அலுத்துப்போயிற்று.

வாழ்க்கையும் நகர்ந்தது. 2005-இல் எழுதத் தொடங்கியவர்களில் பெரும்பகுதி இருபதுகளில், முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன், வேலை மாற்றம் எல்லாம் அடுத்த பத்தாண்டுகளில் வரிசையாக வந்தன. சொல்ல நினைத்ததைச் சொல்லி முடித்துவிட்டவர்களும் இருந்தார்கள். சொந்த ஊரைப் பற்றி, அப்பாவைப் பற்றி, கல்லூரி விடுதியைப் பற்றி ஒரு மனிதருக்குள் நூறு பதிவுகள் இருக்கலாம். நூற்றோராவது பதிவுக்கு வேறு உழைப்பு வேண்டும், வாசிப்பு வேண்டும். நூறோடு நிறுத்துவதில் தோல்வி ஏதும் இல்லை.

முகநூலைக் குற்றம் சொல்லும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். டெக்னோராட்டி என்ற வலைப்பதிவுத் தேடுதளம் 2008-இல் உலகெங்கும் 13.3 கோடி வலைப்பதிவுகளைக் கண்காணித்தது. அவற்றில் முந்தைய 120 நாட்களுக்குள் புதிதாக ஏதேனும் எழுதப்பட்டவை வெறும் 74 லட்சம். வலைப்பூவின் பொற்காலம் என்று நாம் நினைக்கும் ஆண்டிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்று நான்குக்கும் மேல் கைவிடப்பட்டிருந்தன. தொடங்குவதும் விடுவதும் இந்த எழுத்தோடு கூடவே பிறந்தவை. பின்னாளில் மாறியது ஒன்றுதான். விட்டவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் வருவது நின்றுபோயிற்று.

பயந்து நிறுத்தியவர்கள்

அலுப்பில் நிறுத்தியவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அச்சத்தில் நிறுத்தியவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

தமிழ் வலையுலகம் பெண்களுக்கு முதலில் திறந்த கதவாக இருந்தது. ஆசிரியர் குழுவின் அனுமதி வேண்டாம், மாமியாரின் அனுமதி வேண்டாம், புனைபெயர் போதும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியத்தில் எழுதலாம். அப்படி வந்தவர்கள் சமையலும் கோலமும் மட்டும் எழுதவில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, வேலையிடத்துச் சீண்டல், மணமுறிவு, சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் என்று, அச்சுப் பத்திரிகையில் அபூர்வமாகவே தலைகாட்டும் விஷயங்களைத் தங்கள் மொழியில் எழுதினார்கள்.

பின்னூட்டப் பெட்டியும் திறந்தே இருந்தது. 'அனானி' என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் வந்து என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம். ஒருவரது பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு தொடங்கி, அவர் எழுதியது போலவே ஆபாசம் எழுதுவதும் நடந்தது. பின்னூட்டங்களை மட்டுறுத்தி வெளியிடும் வழக்கம் பரவியது அதன் பிறகுதான். கருத்துச் சொன்ன பெண்ணுக்குப் பதில் கருத்து வருவதற்கு முன் வசை வந்தது. சிலர் பின்னூட்டப் பெட்டியை மூடினார்கள். சிலர் பதிவுகளை அழித்துவிட்டே போனார்கள். அப்படிப் போனவர்களின் எழுத்தை இன்று எந்தத் தேடலிலும் எடுக்க முடியாது. தமிழ் வலைப்பூவின் முழுக் கதையும் நம்மிடம் இல்லை என்பதற்கு முதல் காரணம் இதுவே.

அலுவலகமும் படித்தது. அமெரிக்காவில் ஹெதர் ஆம்ஸ்ட்ராங் 'டூஸ்' என்ற தன் வலைப்பூவில் அலுவலகத்தைப் பற்றி எழுதியதற்காக 2002-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் தாய்மையையும் மனச்சோர்வையும் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற அவர், 2023 மே மாதம் காலமானார். சில நாடுகளில் விலை இன்னும் கொடியது. வங்கதேசத்தில் 2013-இல் வலைப்பதிவர் ராஜிப் ஹைதர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2015-இல் அவிஜித் ராய் உட்பட வலைப்பதிவர்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். சவூதி அரேபியாவில் வலைப்பதிவர் ராயிப் பதாவிக்கு 10 ஆண்டுச் சிறையும் 1000 கசையடியும் விதிக்கப்பட்டன. இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் 2009-இல் ஈழப்போரின் கடைசி மாதங்களில் எழுதிய இலங்கைத் தமிழர்களுக்கு, ஒவ்வொரு வரிக்கும் ஊரில் இருக்கும் உறவினரை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மௌனமாகிவிட்ட வலைப்பூக்களில் எல்லா மௌனத்துக்கும் சோம்பல் என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

தெரு மாறியபோது

இரானியரான ஹொசைன் தெரக்ஷானின் அனுபவம் தமிழ்ப் பதிவர்களுக்கு மிக நெருக்கமானது. கனடாவிலிருந்த அவர் 2001 நவம்பரில், பாரசீக எழுத்துகளில் வலைப்பூ தொடங்குவது எப்படி என்று எளிய வழிகாட்டி ஒன்றை எழுதினார். அதைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் எழுத வந்தார்கள். 2008-இல் டெஹ்ரானில் கைதானார். பத்தொன்பதரை ஆண்டுச் சிறை விதித்தார்கள். 2014 நவம்பரில் மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தவர், வீட்டு மேசையில் உட்கார்ந்து மறுபடி எழுதி, அதன் இணைப்பை முகநூலில் போட்டார். மூன்று பேர் விரும்பினார்கள். மூன்றே பேர். சிறைக்குப் போகும் முன் அவர் பக்கத்துக்கு ஒரு நாளில் பல்லாயிரம் பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஆறு ஆண்டுகளில் என்ன மாறியது என்பதை அவரே 2015-இல் நீண்ட கட்டுரையாக எழுதினார். வாசகர் ஒரு பக்கத்திலிருந்து இணைப்பைப் பிடித்து இன்னொரு பக்கத்துக்குப் போவது நின்றுவிட்டது. ஒரே நிறுவனத்தின் ஓடையில் உட்கார்ந்து, அது தருவதை வாங்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

தமிழிலும் இதுவே நடந்தது. முகநூலில் எழுதினால் வார்ப்புரு வேண்டாம், திரட்டியில் இணைக்க வேண்டாம், தலைப்புக்கூட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நூறு விருப்பம். பின்னூட்ட மொய்யில் களைத்துப்போயிருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. கைப்பேசி வந்தபின் மடிக்கணினியைத் திறந்து ஆயிரம் சொல் தட்டுவது இன்னும் அரிதாயிற்று. புதிய பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டிய கூகுள் ரீடர் மூடப்பட்டதும், அமைதியாகப் படித்துவந்த, பின்னூட்டமே இடாத நல்ல வாசகர்களும் சிதறிப்போனார்கள். கதை எழுதியவர்களைப் பிரதிலிபியும் கிண்டிலும் ஈர்த்தன. சிலருக்கு வலைப்பூவே ஏணியானது. திரைத்துறை பற்றி வலைப்பூவில் எழுதிவந்த கேபிள் சங்கர், 2015-இல் 'தொட்டால் தொடரும்' படத்தை இயக்கினார்.

வருமானம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் எழுதும் வலைப்பூவில் கூகுள் விளம்பரம் போட்டுக் காசு பார்க்க முறையான வழி பிறந்தது 2018 பிப்ரவரியில். அதற்குள் எழுதியவர்களில் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். காலியாகக் கிடந்த இடத்துக்கு அந்த விளம்பரப் பணத்தைத் தேடி வந்தவர்கள், ராசிபலனையும் வெட்டி ஒட்டிய மருத்துவக் குறிப்புகளையும் கொண்டுவந்தார்கள். இன்று தமிழில் எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்பது அந்தச் சரக்குதான். ஐந்தாறு ஆண்டு முன்னதாக அந்த ஏற்பாடு வந்திருந்தால், மாதம் மின்கட்டணம் கட்டும் அளவுக்காவது கிடைக்கிறது என்று சில நூறு பேர் தொடர்ந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

விடாதவர்கள்

ஸ்பெயினின் கலிசியா பகுதியில் முசியா என்றொரு கடலோர ஊர். அங்கே பிறந்த மரியா அமெலியா லோபஸுக்கு 2006 டிசம்பரில் 95 வயது நிறைந்தபோது, பேரன் பிறந்தநாள் பரிசாக ஒரு வலைப்பூ தொடங்கிக்கொடுத்தார். பாட்டிக்குக் கண்ணில் புரை. அவர் சொல்லச் சொல்லப் பேரன் தட்டச்சு செய்தார். உள்நாட்டுப் போரின் நினைவுகள், முதுமை, அரசியல் எல்லாவற்றையும் பேசினார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை உலகம் அந்தப் பக்கத்துக்கு வந்தது. 2009 மே மாதம் 97 வயதில் மறையும் காலம்வரை எழுதினார். முதியோரை மூலையில் உட்கார வைக்காதீர்கள், அவர்களோடு பேசுங்கள் என்பதுதான் அவர் மீண்டும் மீண்டும் சொன்னது.

அமெரிக்காவில் டேவ் வைனர் 1990-களிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஜேசன் கோட்கி 1998-இல் தொடங்கினார். 2022-இல் சில மாதங்கள் நிறுத்தி ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த ஓய்வை மதிக்கத் தோன்றுகிறது. களைப்பை ஒப்புக்கொண்டு வாசகரிடம் விடுப்புக் கேட்டுவிட்டுப் போனார். தமிழில் நாள் தவறாமை என்றால் ஜெயமோகன். 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை, மகாபாரதத்தை மறு ஆக்கம் செய்த 'வெண்முரசு' நாவல் வரிசையின் 26 நூல்களையும் தன் இணையதளத்தில் அன்றாடம் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டார். கூடவே வாசகர் கடிதங்களும் பதில்களும். அவர் முழுநேர எழுத்தாளர், அவரை எல்லோருக்கும் அளவுகோல் ஆக்க முடியாது என்பது சரி. ஆனால் அவருடைய தளம் ஒன்றைக் காட்டுகிறது. முகநூலில் கருத்துச் சண்டைகள் உச்சத்தில் இருந்த காலத்திலும், நீண்ட கட்டுரையைத் தேடி வந்து படிக்கத் தமிழ் வாசகர்கள் இருந்தார்கள்.

பெயர் பெறாத விடாக்கண்டர்களையும் பார்க்கலாம். கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டையும் தல வரலாற்றையும் எழுதுபவர். பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் மாணவர்களுக்குக் குறிப்பு எழுதும் ஆசிரியர். 1995-இல் யாழ்ப்பாணத்தை விட்டு இரவோடு இரவாக மழையில் நடந்த இடப்பெயர்வை ஆண்டுதோறும் நினைத்து எழுதுபவர். பறவை பார்ப்பவர், பழைய பாட்டுப் புத்தகம் சேர்ப்பவர். இவர்களிடம் பொதுவாக ஒன்றைக் காணலாம். வாசகர் எத்தனை பேர் என்பதோடு அவர்கள் எழுத்து கட்டுண்டு கிடக்கவில்லை. தனக்கென்று ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பதிந்துவைக்க ஓர் இடம் வேண்டும். பின்னூட்டம் வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டாலும் அடுத்த கோயில் காத்திருக்கிறது. பொருளைப் பற்றிக்கொண்டவர்கள் நீடித்தார்கள். கூட்டத்தைப் பற்றிக்கொண்டவர்கள், கூட்டம் கலைந்தபோது கூடவே கலைந்தார்கள். இருபது ஆண்டு வலையுலகைப் பார்த்து எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்.

உளவியலும் இதற்கு ஒத்துப்பேசுகிறது. 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுத வேண்டும். தங்கள் வாழ்வின் துயரத்தை, நடந்ததையும் அதனால் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள். அந்தத் தாள்களுக்குக் கீழே யாரும் 'அருமை' என்று எழுதவில்லை.

எழுதிவைத்தவை என்ன ஆகும்?

நிறுத்தியவர் நிறுத்தட்டும், அது அவரவர் உரிமை. எழுதப்பட்டது இருக்கிறதே, அதைப் பற்றித்தான் உண்மையான கவலை.

2024-இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் காணாமல் போய்விட்டது. இலவசமாக இணையப் பக்கம் அமைக்க உதவிய யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோது தனி மனிதர்களின் எண்ணற்ற பக்கங்கள் அதோடு போயின. வலைப்பதிவுச் சேவைகளான வாக்ஸ் 2010-இல், போஸ்டரஸ் 2013-இல், கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டன. கூகுள் பிளஸ் வழியாகப் பின்னூட்டம் பெறும் வசதியை நம்பி வலைப்பூவில் அதை இணைத்தவர்கள், அந்தப் பின்னூட்டங்களை மொத்தமாக இழந்தார்கள்.

பிளாகர் இன்னும் இருக்கிறது. ஆனால் அங்கேயும் ஒன்று நடந்தது. 2012-இல் கூகுள், இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட்.காம் முகவரியிலிருந்து பிளாக்ஸ்பாட்.இன் முகவரிக்குத் தானாகவே திருப்பிவிட்டது. அதனால் அந்த ஆண்டுகளில் தமிழில் பகிரப்பட்ட, கட்டுரைகளில் சுட்டப்பட்ட இணைப்புகள் பல அந்த 'இன்' முகவரியிலேயே பதிந்தன. 2020-இல் அந்தப் பெயரின் உரிமை கூகுளின் கையைவிட்டுப் போய், வேறொருவர் அதை வாங்கிக்கொண்டார். இணைப்புகள் அறுந்தன. பதிவு உயிரோடு இருக்கும், அதற்குப் போகும் பாதை இருக்காது. எழுதியவர் ஒரு தவறும் செய்யவில்லை, ஒரு எழுத்தையும் அழிக்கவில்லை.

இன்னொன்று, கணக்கு. இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை 2023 மே மாதம் கூகுள் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் அமலுக்கும் கொண்டுவந்தது. கடவுச்சொல்லை மறந்துவிட்டுப் போனவர்களும், மண்ணை விட்டே போய்விட்டவர்களும் இந்த எழுத்தாளர்களிடையே கொஞ்சமல்ல. ஒரு பதிவர் இறந்துபோனால் அவருடைய பிள்ளைகளுக்கு அந்த வலைப்பூ இருப்பதே பல சமயம் தெரிவதில்லை.

போவது என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 2000-கள், தமிழ்நாட்டில் கணினித் துறை வளர்ந்த காலம். முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் பெங்களூருக்குப் போய் முதல் மாதச் சம்பளம் வாங்கியது, அமெரிக்காவில் 2008 பொருளாதாரச் சரிவில் வேலை போனது, சுனாமிக்கு மறுநாள் நாகப்பட்டினத்துக்கு நிவாரணம் கொண்டுபோனது, ஊரில் வாய்க்கால் மறைந்து மனைகள் ஆனது, பாட்டி சொன்ன கதைகள், சாதியைப் பற்றி முதன்முறை வெளிப்படையாகப் பேசியது, ஒரு பெண் முதன்முதலில் தன் பெயரில் எழுதியது எல்லாம் அந்தப் பதிவுகளில் இருக்கின்றன. எழுதியவர்கள் தேர்ந்த எழுத்தாளர்கள் இல்லை. பிழைகள் இருக்கும், மொக்கையும் இருக்கும். ஆனால் நம் காலத்து எளிய தமிழர்கள் தாங்களே எழுதிய வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு பெரிதாக வேறெங்கும் இல்லை. நாளைய சமூக வரலாற்றாசிரியர் முதலில் தேடப்போவது இதைத்தான்.

முகநூலுக்குப் போனவர்கள் அங்கே இதைத் தொடர்ந்து எழுதினார்களே என்று கேட்கலாம். எழுதினார்கள். 2014-இல் நீங்கள் ரசித்துப் படித்த ஒரு முகநூல் பதிவை இன்று தேடி எடுத்துப் பாருங்கள். தேடுபொறிக்கு அது பெரும்பாலும் எட்டாது, முகநூலின் சொந்தத் தேடலிலும் கைக்குச் சிக்குவது அதிர்ஷ்டம். ஓடையில் எழுதியது ஓடையோடு போய்விடுகிறது. வலைப்பூவில் 2009-இல் எழுதிய சொதியை இன்றும் யாரோ ஒருவர் தேடி வந்து சமைக்கிறார்.

■ பெட்டிச் செய்தி: உங்கள் பழைய வலைப்பூவைக் காப்பாற்ற

பிளாகரின் அமைப்புகளுக்குள் போனால் உள்ளடக்கத்தைக் காப்புப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது. பதிவுகளும் பின்னூட்டங்களும் ஒரே கோப்பாக வந்துவிடும். வேர்ட்பிரஸில் கருவிகள் பகுதியில் ஏற்றுமதி வசதி உண்டு.

படங்களைத் தனியாக எடுத்துவையுங்கள். எழுத்துக் கோப்பில் படத்தின் முகவரிதான் இருக்கும்.

இன்டர்நெட் ஆர்க்கைவின் 'வேபேக் மெஷின்' தளத்தில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அதன் நகலைச் சேமித்துக்கொள்ளும். முக்கியமான பதிவுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும்.

கூகுள் கணக்கில் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்றொரு ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. நீங்கள் குறிக்கும் கால அளவுக்குக் கணக்கு தொடப்படாமல் இருந்தால், நீங்கள் நம்பும் ஒருவருக்கு உங்கள் தரவு போய்ச் சேரும்படி இப்போதே எழுதிவைக்கலாம்.

யார் சேர்த்துவைப்பது?

இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். நூறு படி மட்டும் அச்சிட்ட கவிதைத் தொகுப்புக்கும் அதில் இடம் உண்டு. ஆயிரக்கணக்கானோர் படித்த வலைப்பூவுக்கு இல்லை. சுவீடனின் தேசிய நூலகம் 1996-லேயே தன் நாட்டு இணையப் பக்கங்களைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் 2013 ஏப்ரல் முதல், அச்சு நூலைப் போலவே இணையப் பக்கங்களையும் சேகரித்துவைக்கும் உரிமையைப் பிரிட்டிஷ் நூலகத்துக்கும் அதன் சகோதர நூலகங்களுக்கும் சட்டம் கொடுத்திருக்கிறது. அங்கே ஒரு கிராமத்துத் தோட்டக்காரரின் வலைப்பூவும் நாட்டின் சொத்து.

தமிழில் அரசு செய்யாததைத் தன்னார்வலர்கள் கொஞ்சம் செய்திருக்கிறார்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழு, வலைப்பூவில் எழுதியவர்களிடம் அனுமதி வாங்கி, பதிவுகளை மின்னூல்களாகத் தொகுத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவருகிறது. படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வருவதால் யாரும் நகலெடுக்கலாம், பகிரலாம். ஈழத்து எழுத்துகளுக்கு நூலகம் நிறுவனம் 2005-லிருந்து மின்னூலகம் நடத்துகிறது. இவர்கள் கையில் இருப்பது சிறு துளி. அதிலும் பலர் ஊதியமில்லாமல் உழைக்கிறார்கள்.

தமிழ்நாட்டு அரசுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. அரிய நூல்களையும் சுவடிகளையும் மின்னாக்கிய அனுபவம் அதற்கு உண்டு. 2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் நடந்த வலைப்பதிவர் திருவிழாவோடு அதே கழகம் கைகோத்துப் போட்டிகள் நடத்தியதும் நினைவிருக்கலாம். 2003 முதல் 2015 வரையிலான தமிழ் வலைப்பூக்களின் பட்டியலைத் தயாரித்து, எழுதியவர்களின் அனுமதியோடு அவற்றை நகலெடுத்து வைப்பது அதற்குப் பெரிய செலவு பிடிக்கும் வேலையில்லை. பக்கத்தை வருட வேண்டாம், செல்லரித்த ஓலையைப் பிரிக்க வேண்டாம், பெரும்பாலானவை ஏற்கெனவே யூனிகோடில் இருக்கின்றன. அன்று இருபதுகளில் எழுதியவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். இன்றைக்குக் கேட்டால் அனுமதியும் கிடைக்கும், புனைபெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்ற விவரமும் கிடைக்கும், மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டெடுக்கக் கூடவே உட்காரவும் அவர்கள் வருவார்கள்.